அவிய சத்தம்

கோவில்பட்டியில் பூட்டிக் கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்குள் உட்கார்ந்து, படித்தவர்களும் பெரியவர்களும் என் வீட்டுக்காரரின் குறட்டையைத் தலையைக் குனிந்து கேட்டார்கள். ஒரு அம்மா கண்ணைக்கூடத் துடைத்தார். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் அந்தக் குறட்டையால் அழுதவள் நான் ஒருத்திதான். அது வேறு அழுகை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மருமகள். எனக்கு எழுத்து வராது. அவள் புதியம்புத்தூர் முதலாளி ஒருவருக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறவள். துணியை வெட்டி மடித்துத் தைக்கிற மாதிரியே என் பேச்சையும் வெட்டி மடித்துப் புத்தகத் தமிழில் தைத்துவிடுகிறாள். செய்துகொள்ளட்டும். ஆனால் ஆட்கள் பேசிக்கொண்டதை மட்டும் பேசினபடியே போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஏனென்றால் இந்தக் கூத்து முழுவதும் ஒரே ஒரு வார்த்தையால் வந்தது. அந்த வார்த்தையை இவள் திருத்திவிட்டால் அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

முதலில் குறட்டையைச் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு இரவு, பகல் என்ற வித்தியாசமே கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் தூங்கியிருக்கிறார். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே தூங்கி, பின்னால் நின்றவர் தள்ளத் தள்ள நகர்ந்து போய் எண்ணெய் வாங்கியிருக்கிறார். சத்தம் எப்படி என்றால், தவளை ஒன்று தொண்டையில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி 'க்ர்ர்ர்ரொட்' என்று கிளம்பும். அப்படியே நின்றுபோகும். என்ன ஆயிற்றோ என்று நாம் எட்டிப் பார்க்கும்போது 'டொக்' என்று ஒரு அடி. மறுபடியும் 'க்ர்ர்ர்ரொட்'. ஒரு தடவை கயத்தாறு போகிற பஸ்ஸில் இந்தச் சத்தத்தைக் கேட்டு, கியரில் ஏதோ உடைந்துவிட்டது என்று டிரைவர் வண்டியை ஓரம் கட்டி இறங்கிக் குனிந்து பார்த்தார். நான் என் முழங்கையால் இவர் விலாவில் ஓர் இடி இடித்தேன். சத்தம் நின்றது. "சரியாயிட்டு, போலாம்" என்று டிரைவர் ஏறிக்கொண்டார்.

அந்த இடிக்கென்றே என் வலது முழங்கை பழகியிருந்தது. அதற்கு நான் உத்தரவு கொடுக்க வேண்டியதில்லை. சத்தம் காதில் விழுந்தால் கை தானாகப் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கடைசிவரை வரகு விதைத்தவர் அவர்தான். எல்லாரும் மக்காச்சோளத்துக்குப் போன பிறகும் எங்கள் கரிசல் காட்டில் ஒரு துண்டு வரகு நின்றது. உடனே அவரைப் பெரிய கொள்கைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மக்காச்சோளத்துக்கு மருந்து, உரம், பன்றிக் காவல் என்று ஓயாமல் அலைய வேண்டும். வரகு அப்படி இல்லை. விதைத்துவிட்டுத் தூங்கலாம். காட்டு ஓரத்தில் ஓர் உடைமரம். அதன் நிழலில் துண்டை விரித்தால் சாயங்காலம்தான் எழுவார். காவலுக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் போவார். அவர் போன பிறகு காட்டை என் மகன் மக்காச்சோளத்துக்கு மாற்றிவிட்டான். ஆறு வருஷம் ஆகிறது.

சரி, இந்தக் குறட்டையைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோன பிள்ளைக்கு வருகிறேன்.

போன புரட்டாசியில் ஒரு பகல் நேரம். மருமகள் தைத்த நைட்டிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் ஒரு பிள்ளை. சென்னையாம். ஏதோ கலைப் படிப்பாம். படம் வரைகிற படிப்பா என்றேன், அதுவும் உண்டு என்றாள். பாட்டுப் படிப்பா என்றேன், சத்தமும் உண்டு என்றாள். வயிற்றுக்கு உண்டா என்றேன், அதுதான் தெரியவில்லை பாட்டி என்று சிரித்தாள். அந்த ஒரு பதிலுக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம் வேறு. கோவில்பட்டிப் பக்கத்துக்காரிக்கே கடலைமிட்டாய். அதுவும் மூன்று பல் உள்ளவளுக்கு.

இன்னொரு கையில் ஒரு கம்பு. கம்பு நுனியில் சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று ஒன்று இருந்தது. கீரிப்பிள்ளையைக் கொன்று சொருகியிருக்கிறாளோ என்று பயந்துவிட்டேன். அது மைக்காம். காற்றுச் சத்தம் போகாமல் இருக்கச் சட்டை போட்டிருக்கிறதாம். எங்கள் வீட்டுப் பூனைக்கு அது விளங்கவில்லை. முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வியை அப்படியே சொல்கிறேன்.

"பாட்டி, இந்த மண்ணுல முன்னாடி வாழ்ந்து, இப்ப நம்ம கூட இல்லாதவங்களப் பத்திக் கேக்க வந்திருக்கேன். வரகுக் காட்டுலதான் இருப்பாங்களாமே? டீக்கடைல கேட்டேன். உங்க வீட்டத்தான் காட்டினாங்க."

நீங்களே சொல்லுங்கள். இதைக் கேட்டால் யாருக்கு என்ன தோன்றும்? எங்கள் ஊரில் வரகுக் காட்டிலேயே கிடந்தவர் யார்? இப்போது நம்மோடு இல்லாதவர் யார்?

அவள் கேட்டது ஒரு பறவையை. அது எனக்கு அப்போது தெரியாது. பறவையை 'அது' என்று சொல்லக் கூடாதாம். அதுவும் நம்மைப் போல இந்த மண்ணுக்கு உரிமைப்பட்ட உயிர்தானாம். அதனால் 'அவங்க' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவள் படிப்பில் ஒரு பழக்கம். நான் என் வீட்டுக்காரரை 'அவிய' என்பேன். இந்தப் பக்கத்தில் மரியாதைக்கு அப்படித்தான் சொல்வோம். அவள் 'அவங்க' என்கிறாள், நான் 'அவிய' என்கிறேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினோம்.

"அவங்க ஞாபகம் இருக்கா பாட்டி?"

"என்ன தாயி இப்படிக் கேட்டுட்ட? அயத்துப்போற ஆளா அவிய?"

"மொத்தம் எத்தன பேர் இருந்தாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை பேரா? விளாத்திகுளம் பக்கம் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்ததாக எவளாவது கிளப்பிவிட்டாளோ?

"ஒருத்தர்தான்!" என்றேன் அழுத்தமாக. "எவ என்ன சொன்னாலும் நம்பாத. அவிய ஒரே ஒருத்தர்தான்."

அவள் பேனாவை அப்படியே நிறுத்திவிட்டாள். "ஒரே ஒருத்தரா? அப்ப துணைக்கு?"

"ஏன், நான் இருந்தேன்லா?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். சும்மா சொன்னதற்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஒரே குஷி. மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா என்பதைத் தவிர என்னிடம் யார் எதைக் கேட்கிறார்கள்?

"பகல்ல என்ன பண்ணுவாங்க?"

"காட்டு ஓரத்துல நெழல்ல பதுங்கிக் கெடப்பாவ. ஆள் வார அரவம் கேட்டா வெடுக்குனு எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சிருவாவ."

"அதேதான்! ரொம்பக் கூச்ச சுபாவம்னு படிச்சிருக்கேன்."

"யாரு, அவியளா? பொம்பளயாளக் கண்டா நெஞ்ச நிமித்திக்கிட்டுல்லா நடப்பாவ!"

"ஐயோ, ஆமா பாட்டி! அதுவும் படிச்சிருக்கேன்!"

என் வீட்டுக்காரரைப் பற்றிப் புத்தகம் போட்டிருக்கிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்தேன். சென்னையில் எதைத்தான் படிக்கவில்லை?

"அவங்க சத்தம் எப்படி இருக்கும்?"

இதற்காகவே பிறந்தவள் மாதிரி நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் கீரிப்பிள்ளையை என் வாய்ப் பக்கம் நீட்டினாள். கண்ணை மூடினேன். உடைமரம், துண்டு, மல்லாந்த மூஞ்சி எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவந்தேன். 'க்ர்ர்ர்ரொட்'. நிறுத்தினேன். 'டொக்'. முன்பல் இல்லாதது இதற்கு ரொம்ப வசதி. பல் உள்ளவர்களுக்கு இவ்வளவு சுத்தமாக வராது. பூனை சுவர் ஏறி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

கண்ணைத் திறந்தால் அந்தப் பிள்ளைக்குக் கையில் ரோமமெல்லாம் நட்டுக்கொண்டு நிற்கிறது.

"தவளை மாதிரின்னு எழுதியிருக்காங்க பாட்டி. அப்படியே இருக்கு!"

"நானும் தவளன்னு அவிய மொகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேன்."

"கடைசியா எப்ப கேட்டீங்க?"

"ஆறு வருசமாச்சு தாயி."

"ஆறே வருஷமா!" அவள் குரல் உடைந்துவிட்டது. "கஷ்டப்பட்டாங்களா?"

"இல்ல. நல்ல சாவு. ஒருநாள்கூடப் படுக்கைல கெடக்கல. உறக்கத்துலயே போயிட்டாவ."

அவள் அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். காம்பு கிள்ளிய கையால் கண்ணைத் துடைத்ததில் எனக்கு அழுகை நிற்கவே இல்லை. என் துக்கம் அவ்வளவு பெரிது என்று நினைத்துக்கொண்டு அவள் இன்னும் அழுதாள். போகும்போது ஒரு தாளில் கைரேகை வாங்கினாள். பதிவுக்காக ஒரு வரி சொல்லுங்கள், இது யாருடைய குரல் என்றாள். மைக்கைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னேன்: "இது அவிய சத்தம்."

பொங்கல் கழிந்து அவளிடமிருந்து போன் வந்தது. மருமகள் எடுத்து எல்லாம் கேட்டுக்கொண்டாள். கோவில்பட்டியில் பழைய தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றைச் சுத்தம் பண்ணிக் கண்காட்சி வைக்கிறாளாம். சென்னையிலிருந்து வாத்தியார்கள் இரண்டு பேர் வந்து பார்த்து அன்றைக்கே மார்க் போடுவார்களாம். நடுக்கூடத்தில் என் சத்தம்தானாம். அது எடுபட்டால் படிப்பு முடிந்தது. அது எடுபடாவிட்டால் இன்னொரு வருஷம் முதலிலிருந்து.

என்னால் சும்மா இருக்க முடியுமா? விளாத்திகுளத்துக்குப் போன் போட்டேன். அங்கேதான் என் நாத்தனார் இருக்கிறாள், அவருடைய ஒரே தங்கை. என்னைவிட நாலு வயது இளையவள். வாய் மட்டும் நாலு வயது மூத்தது.

"ஏட்டி, ஒங்க அண்ணனுக்குக் கோவில்பட்டில விழா எடுக்காவ. வெரசா வந்து சேரு."

"எங்கண்ணனுக்கா? அவன் என்னத்தச் சாதிச்சான்னு மதினி?"

"ஒறங்குனாவல்லா. அதுக்குத்தான்."

"அதுக்குன்னா எடுக்க வேண்டியதுதான்" என்றாள்.

அன்றைக்கு நானும் மருமகளும் பத்து மணிக்கே போய்விட்டோம். அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் தீக்குச்சி மருந்து வாடை. தீப்பெட்டி ஆபீஸ் மூடி எத்தனை வருஷமானாலும் சுவரை விட்டு அது போகாது. கல்யாணத்துக்கு முன்னால் நானும் குச்சி அடுக்கியவள்தான், மூக்குக்குத் தெரியும். முதல் அறையில் சுவர் முழுக்கத் தீப்பெட்டி லேபிள். மான், புலி, கழுகு, நரி என்று ஆயிரக்கணக்கில் ஒட்டியிருந்தாள். இந்தப் பக்கம் நரி இப்போது தீப்பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது என்று யாரோ ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நரி இருந்த காலத்தில் என் இரண்டு கோழியைத் தூக்கியது. அதை இவ்வளவு அழகாக ஒட்டிவைத்திருக்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

நடுக்கூடம் அரை இருட்டு. தரையில் லோடு கணக்கில் கரிசல் மண்ணைக் கொட்டிப் பரப்பியிருந்தாள். நடுவில் காய்ந்த வரகுத் தட்டையைப் பயிர் மாதிரி நட்டு, அதற்குள் ஸ்பீக்கரை ஒளித்து வைத்திருந்தாள். சுற்றிலும் ஜனம் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அந்த வாத்தியார்கள் இரண்டு பேரும் முன்வரிசையில். ஒருவர் வெள்ளைச் சட்டை போட்ட ஐயா. இன்னொருவர் பருத்திச் சேலை கட்டிய அம்மா. உள்ளேயிருந்து 'க்ர்ர்ர்ரொட்' என்றது. எல்லாத் தலையும் குனிந்தது.

என் வாயிலிருந்து வந்ததுதான். ஆனாலும் அவர் உள்ளே படுத்துக் கிடப்பது போல இருந்தது. முழங்கை துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

மருமகள் சுவரில் இருந்த போர்டைப் படித்துவிட்டு என் காதில் சொன்னாள்.

"அத்தே, இதுல மாமா பேரே இல்ல."

"பின்ன என்ன போட்டிருக்கு?"

"வரகுக்கோழின்னு போட்டிருக்கு."

"கோழியா?"

"இப்ப இந்த மண்ணுல இல்லாத பறவையாம். அதக் கடேசியாக் கேட்ட மூதாட்டியோட நெனப்புலேருந்து எடுத்த கொரலாம். மூதாட்டின்னா நீங்கதான்."

ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக விளங்கியது. எத்தனை பேர் இருந்தாங்க. துணை உண்டா. நெஞ்சை நிமிர்த்தி நடப்பாங்களா. பதுங்கிக் கிடப்பாங்களா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சாதாரணச் சிரிப்பு இல்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினேன். முன்வரிசை அம்மா திரும்பிப் பார்த்து, நான் அழுகிறேன் என்று நினைத்து, நகர்ந்து வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவர் தடவத் தடவ நான் குலுங்க, நான் குலுங்கக் குலுங்க அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்து மூச்சு வாங்கினேன்.

"அந்தப் பிள்ளட்ட இப்பமே சொல்லிருவோமா?" என்றாள் மருமகள்.

"கோட்டிக்காரி. இப்பச் சொன்னா அதுக்கு மார்க் போயிரும்லா. வாத்திமார் மார்க் போட்டு முடிக்கட்டும். பெறகு பையச் சொல்லுவோம்."

"அது சரி. விளாத்திகுளத்துச் சின்னம்மா வாராவளே?"

அதை நான் மறந்தே போனேன். திரும்பிப் பார்த்தால் கேட்டுக்குள் நுழைகிறாள் என் நாத்தனார். அரக்குப் பட்டுச் சேலை. கையில், வாழையிலையில் சுற்றிய ஆளுயர ரோஜா மாலை.

"படத்த எங்கன மாட்டிருக்காவ மதினி? மால வாடுது."

"படமெல்லாம் இல்லட்டி. வா, வெளிய போயி டீ குடிப்போம்."

"குடிச்சிட்டுத்தான் வாரேன்."

"அப்ப இங்கன பாரு, மான் படம் எத்தன ஒட்டிருக்குன்னு."

"மானப் பாக்கவா மூட்டுவலியோட ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்? எங்கண்ணன் எங்கனன்னு கேக்கேன்."

மருமகள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நான் நாத்தனாரின் கையைப் பிடித்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்தோம். ஆனால் அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து 'க்ர்ர்ர்ரொட்' என்றது.

அவள் நின்றுவிட்டாள். சத்தமும் நின்றது. 'டொக்' என்று வருகிறவரை அவளும் மூச்சு விடவில்லை. வந்ததும் என்னைப் பார்த்தாள்.

"மதினி, அண்ணன் உள்ள ஒறங்குதான்."

அப்புறம் அவளை எந்தச் சாமியாலும் பிடித்து நிறுத்த முடியாது. மருமகளை ஒரு கையால் விலக்கிவிட்டு, கரிசல் மண்ணில் பட்டுச் சேலை புரளப் போய், உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, வரகுத் தட்டையை விலக்கி, ஸ்பீக்கருக்கு மாலையைப் போட்டாள். "எண்ணே!" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். கட்டடமே அதிர்ந்தது.

ஸ்பீக்கர் மாலையோடு குறட்டை விட்டது.

அந்தப் பிள்ளை ஓடி வந்தாள். வெள்ளைச் சட்டை ஐயா எழுந்து நின்றார்.

"இவங்க யாரு? என்ன சொல்றாங்க?" என்றார்.

இனி மறைத்து ஆவது ஒன்றுமில்லை. நான்தான் முன்னால் போனேன். "இது கோழி இல்லய்யா. எங்க வீட்டுக்காரர் கொறட்ட. இவ அவிய தங்கச்சி. பிள்ள மேல தப்பில்ல. அது ஒண்ணக் கேட்டுச்சு, நான் ஒண்ணச் சொன்னேன்."

அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் மெதுவாகக் கேட்டாள். "பாட்டி, அப்ப அந்த 'அவிய'ங்கறது?"

"அவியதான் தாயி. ஆறு வருசம் முன்ன போனவிய. நீ ஏன் வரகுக்கோழின்னு பேரச் சொல்லிக் கேக்கல?"

"பேரச் சொன்னா நீங்க ஆமான்னு தலையாட்டிடுவீங்க, உங்க வாயிலிருந்தே வரணும்னு சார் சொல்லியிருந்தாரு. நீங்க ஏன் பேரச் சொல்லல?"

"புருசன் பேர எவட்டி வாயால சொல்லுவா!"

அந்த ஐயா நோட்டை மூடினார். "அப்போ இந்த ரூம்ல உண்மையா ஒண்ணுமே இல்ல" என்றார் வருத்தமாக. நல்ல மனிதர்தான், பொய் சொல்லத் தெரியாத முகம். ஆனால் எனக்குச் சுள்ளென்றது. என் வீட்டுக்காரர் குறட்டை உண்மையில்லையா? பஸ்ஸை நிறுத்தின குறட்டை! அதைவிட, நோட்டை மூடினால் இந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும்.

"மூடாதீங்கய்யா" என்றேன். "தாயி, இப்பப் பேரச் சொல்லிக் கேளு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "பாட்டி, வரகுக்கோழிய நீங்க பாத்திருக்கீங்களா?"

"எப்படி இருக்கும், சொல்லு?"

"கறுப்பு உடம்பு. வெள்ளை றெக்கை. தலையில ரெண்டு பக்கமும் முடி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்."

"அட சவமே, துள்ளுக்கோழி! அதையா கேட்ட? அது என்னப் பெத்த அய்யா காட்டுல கெடந்துச்சே. கயத்தாத்துப் பக்கம். மழ பேஞ்சா பயிருக்குள்ளேருந்து குபீர்னு மேல கெளம்பும்."

"எப்படிக் கெளம்பும்?"

அதை வாயால் எப்படிச் சொல்வது? சேலையை இழுத்துச் சொருகினேன். வரகுத் தட்டைக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். ஒரே துள்ளு. எனக்கு எத்தனை வயது என்று எனக்கே தெரியாது. ஆனாலும் தட்டைக்கு மேல் தலை தெரிந்ததாக மருமகள் சத்தியம் செய்கிறாள். கையை இரண்டு பக்கமும் விரித்துப் படபடவென்று அடித்துக்கொண்டே மண்ணில் தொம்மென்று இறங்கினேன். ஐயாவின் வெள்ளைச் சட்டை கரிசல் சட்டை ஆகிவிட்டது.

"தப்பு!" என்றாள் நாத்தனார்.

"என்னத்தத் தப்பு?"

"இப்படியா துள்ளும்? தெள்ளுப்பூச்சி மாதிரி. எங்க காட்டுல சின்னப்பிள்ளைல நான் பாத்திருக்கேன். தலைய இப்படிப் பின்னால வளச்சுக்கிடும். கால மடக்கும். எறங்கும்போது ஒன்ன மாதிரி மூட்டையாட்டம் விழாது. பையத்தான் எறங்கும்."

"நீ துள்ளிக் காட்டு பாப்போம்."

மூட்டுவலி என்று சொன்னவள் பட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகினாள். துள்ளினாள். நன்றாகத்தான் துள்ளினாள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் காலை மடக்கியதில் நிலை தவறி அந்த அம்மாவின் மடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் மறுபடி துள்ளினேன். அவள் மறுபடி துள்ளினாள். அவள் அண்ணன் காட்டுக் கோழி அப்படி, கயத்தாற்றுக் கோழி இப்படி என்று இரண்டு பேரும் மூச்சு வாங்க வாங்கச் சண்டை. அந்தப் பிள்ளை எப்போதோ போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். அந்த அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. ஐயா நோட்டைத் திறந்துவிட்டார். ஒவ்வொரு துள்ளலுக்கும் ஏதோ குறித்துக்கொண்டே, "சத்தம்? துள்ளும்போது சத்தம் போடுமா?" என்றார்.

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். போட்டது. நிச்சயமாக ஏதோ சத்தம் போட்டது. நான் ஒரு மாதிரி செய்து பார்த்தேன், இல்லை என்றாள். அவள் ஒரு மாதிரி செய்தாள், அது காடை என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்து யோசித்தோம். நெஞ்சுக்குழி வரைக்கும் வந்தது, வாய்க்கு வரவில்லை.

"எனக்கு எப்படிக் கேட்டிருக்கும்?" என்றாள் நாத்தனார் கடைசியில். "அண்ணன் ஒறங்குன காட்டுல வேற எந்தச் சத்தம் கேக்கும்?"

அந்த ஐயா அதையும் எழுதிக்கொண்டார்.

ஸ்பீக்கரை அந்தப் பிள்ளை அன்றைக்கே அணைத்துவிட்டாள். எடுக்கவில்லை. மாலையும் அதன் மேலேயே இருக்கட்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். பக்கத்துச் சுவரில் நாங்கள் இரண்டு கிழவிகள் மாற்றி மாற்றித் துள்ளுகிற படம் ஓடியது. போர்டையும் மாற்றினாள்: 'வரகுக்கோழி. துள்ளுவது இப்படியாக இருக்கலாம். குரல் யாருக்கும் நினைவில்லை.' அடுத்த நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து அந்தக் கரிசல் மண்ணில் துள்ளித் துள்ளிப் பாதி மண்ணைச் சட்டைப் பையில் கொண்டுபோய்விட்டார்களாம். எனக்குத் தெரியாது. நான் காலில் தைலம் தேய்த்துக்கொண்டு ஒரு வாரம் கட்டிலில் கிடந்தேன்.

மாசியில் முடிவு வந்ததும் அவள் போன் பண்ணினாள். பாஸாம். ஐயாதான் மார்க்கை அள்ளிப் போட்டிருக்கிறார்.

"இனிமே பறவைய 'அது'ன்னே சொல்லலாமான்னு யோசிக்கிறேன் பாட்டி" என்றாள்.

"அவங்கன்னே சொல்லு தாயி. மரியாததானே. எந்த அவங்கன்னு மட்டும் ஒரு வார்த்த கேட்டுக்கோ."

"அந்தக் குறட்டைப் பதிவு என்கிட்ட சும்மாதான் இருக்கு. அழிச்சிடட்டுமா?"

என் வீட்டுக்காரர் பேசின பேச்சு ஒன்றுகூட எந்தப் போனிலும் இல்லை. ஒரே ஒரு கல்யாண வீடியோவில் இருக்கிறார், அதிலும் வாயைப் பிளந்து தூங்குகிறார், மேலே நாதஸ்வரம் ஓடுகிறது. அனுப்பிவிடு என்றேன். மருமகள் போனுக்கு வந்தது. மருமகள் அதை விளாத்திகுளத்துக்கும் அனுப்பினாள். அங்கேதான் தப்பு நடந்தது.

போன வாரம் நானும் நாத்தனாரும் விளாத்திகுளம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். மூன்று பேர் சீட். ஜன்னல் ஓரம் அவள், நடுவில் நான், வலது பக்கம் முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதர். நான் கண் அசந்துவிட்டேன். திடீரென்று பக்கத்தில் 'க்ர்ர்ர்ரொட்'. என் முழங்கை போய்விட்டது. நான் அனுப்பவில்லை, அதுவே போனது.

"எம்மா!" என்று அந்த மனிதர் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நாத்தனார் மடியிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள். ரிங்டோனாம். "அலோ, யாரு? இரு, பஸ்ஸுல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதரைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. அது ஒங்களுக்கு வச்ச இடி இல்ல."

டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய், குனிந்து கியர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.